தொலைதூர நாட்டுக் காதல் கதைகள்: எதைப் படிக்கலாம்?

கேள்வி:
இறைநம்பிக்கை இழையோடும் காதல் நாவல்கள் என்றால் எனக்கு உயிர். அதிலும் கதை நான் கால் வைக்காத நாட்டில் நடக்க வேண்டும். நேற்றிரவு முடித்த நாவலின் களம் வடக்கு நார்வேயின் திரோம்சோ. நவம்பர் இறுதி முதல் ஜனவரி நடுப்பகுதி வரை அங்கே சூரியன் எழுவதில்லை. கணவனை இழந்த நாயகி ஜன்னலோரம் மெழுகுவத்தி ஏற்றுகிறாள். ஜெபிக்க வார்த்தை வராமல் விரல்களை மட்டும் கோத்துக்கொள்கிறாள். அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்தேன். இப்படி நிலமும் நம்பிக்கையும் பின்னிக் கிடக்கும் கதைகள் வேறு உண்டா?

பதில் 1:
பிரான்சின் ரிவர்ஸ் எழுதிய 'ரிடீமிங் லவ்'. களம் தங்க வேட்டைக் காலத்துக் கலிபோர்னியா; துரோகம் செய்த மனைவியை மீண்டும் ஏற்கும் ஓசியா தீர்க்கதரிசியின் பைபிள் கதையைத் தழுவியது. கனமானது, நிதானமாகப் படியுங்கள்.

பதில் 2:
கனடா எழுத்தாளர் ஜேனட் ஓக்கின் 'லவ் கம்ஸ் சாஃப்ட்லி' (1979). புல்வெளிப் பிரதேசத்தில் கணவனை இழந்து தனித்து நிற்கும் மார்ட்டி, தங்க இடம் வேண்டி, ஒரு குழந்தையின் தந்தையை மணக்கிறாள். காதல் மெல்லத்தான் வருகிறது.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. மார்ட்டியிடமிருந்தே தொடங்குகிறேன். அவசரப்படாத காதல்தான் எனக்குப் பிடிக்கும்.