சீசன் நெருங்குகிறது, தீயணைப்பு ஆய்வறிக்கையில் ஏகப்பட்ட குறைகள்: எதில் தொடங்குவது?

கேட்டவர்: மாடிப்படி

வணக்கம். சுற்றுலாவை நம்பியே ஓடும் ஒரு நகரத்தில், ஒன்பது மாடி ஹோட்டலின் பராமரிப்புப் பொறுப்பு என்னுடையது. தீயணைப்பு ஆய்வு முடிந்து அறிக்கை வந்துவிட்டது. படிக்கட்டுக் கதவுகள் சில தானாக மூடவில்லை. ஒரு மாடியில், தீ பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளரின் வால்வு மூடிக் கிடந்திருக்கிறது. அறைக்குள் அலாரம் சத்தம் போதவில்லை. கேபிள் போன துளைகள் திறந்தே இருக்கின்றன. சமையலறை ஹூட் (அடுப்புக்கு மேலே இருக்கும் புகைக்கூண்டு) சர்வீஸ் தேதி தாண்டிவிட்டது. சில தீயணைப்பான்களுக்கு அழுத்தச் சோதனை பாக்கி.

சீசன் தொடங்கிவிட்டால் ஒரு அறைகூடக் காலியாக இருக்காது. அலாரத்தைக் கட்டுப்படுத்தும் பேனலையே புதிதாக மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒப்பந்ததாரர் சொல்கிறார், முதலாளியும் அதை நம்புகிறார். குளியலறை நீராவிக்கெல்லாம் அலாரம் அடிப்பதால், இரவு ஆட்கள் சத்தம் வந்தவுடன் போய் நிறுத்திவிடுகிறார்கள். எதை முதலில் செய்வது?

பதில்: வால்வுசாவி

ஹோட்டல்களில் அலாரம், ஸ்பிரிங்க்ளர் பராமரிப்பதுதான் என் வேலை. பேனல் பேச்சை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள் சார். உங்கள் பட்டியலில் உயிர் காக்கிறவை எல்லாம் பேனலுக்கு வெளியேதான் இருக்கின்றன.

முதலில் அந்த வால்வு. இன்றைக்கே. ஸ்பிரிங்க்ளர் வேலை செய்யாமல் போன தீ விபத்துகளைப் பற்றிய அமெரிக்கத் தீப் பாதுகாப்பு அமைப்பான என்எஃப்பிஏவின் கணக்குப்படி, பாதிக்கும் மேற்பட்டவற்றில் காரணம் தண்ணீரை யாரோ மூடி வைத்திருந்ததுதான். குழாய் கசிந்திருக்கும், ப்ளம்பர் வந்து வால்வை மூடியிருப்பார், வேலை முடிந்ததும் திறக்காமல் போயிருப்பார். கூரையில் ஸ்பிரிங்க்ளர் ஹெட் (தண்ணீர் தெளிக்கும் முனை) பார்க்க நன்றாகத்தான் இருக்கும். சிவப்புக் கண்ணாடிக் குமிழ் 68 டிகிரி செல்சியஸில் உடையவும் செய்யும். ஆனால் குழாயில் மிச்சமிருந்த தண்ணீர் கொட்டியதோடு சரி. வால்வைத் திறந்துவிட்டு வந்துவிடாதீர்கள். அந்த மாடியின் டெஸ்ட் வால்வைத் திறந்து, தண்ணீர் நிற்காமல் ஓடுகிறதா, தண்ணீர் ஓடுவதைக் காட்டும் ஃப்ளோ சிக்னல் பேனலில் வருகிறதா என்று நின்று பாருங்கள். மூடிக் கிடந்தபோது பேனல் ஏன் கத்தவில்லை என்றும் கேளுங்கள். வால்வை யாராவது மூடினால் பேனலுக்குச் சொல்லும் டாம்பர் ஸ்விட்ச் அதில் இல்லை, அல்லது ஒயரைக் கழற்றி வைத்திருக்கிறார்கள். சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியை ஒருவர் பொறுப்பில் வையுங்கள்.

அடுத்தது கதவுகளும் துளைகளும். இரண்டும் ஒரே விஷயம்தான், புகைக்கு வழி விடக்கூடாது. 1980 நவம்பர் 21 அன்று லாஸ் வேகஸ் எம்ஜிஎம் கிராண்ட் ஹோட்டலில் தீ பிடித்தது கீழ்த்தளத்து உணவகத்தில். இறந்தவர்கள் 85 பேர். அவர்களில் பெரும்பாலானவர்கள் தீயைக் கண்ணால்கூடப் பார்க்காமல், பல மாடிகளுக்கு மேலே புகையில் இறந்தார்கள். படிக்கட்டு, லிஃப்ட் குழி, ஏசி டக்ட், கட்டட இணைப்பு இடைவெளி என்று கிடைத்த வழியெல்லாம் புகை ஏறியது. தீ பிடித்த உணவகத்திலும் அதை அடுத்த சூதாட்டக் கூடத்திலும் ஸ்பிரிங்க்ளர் இல்லை. இருபத்து நான்கு மணி நேரமும் ஆள் இருப்பார்கள் என்று விலக்கு கொடுத்திருந்தார்கள். அன்று காலை அந்த உணவகம் மூடிக் கிடந்தது. நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. அடுத்த பிப்ரவரியில் அதே ஊரில் லாஸ் வேகஸ் ஹில்டனில் தீப்பிடித்து 8 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் பழைய உயரக் கட்டடங்களிலும் ஸ்பிரிங்க்ளர் பொருத்தச் சொல்லி அந்த ஊர் இருக்கும் நெவாடா மாநிலத்தில் சட்டம் வந்தது.

உங்கள் ஹோட்டலில் ஒரு படிக்கட்டுக் கதவை முழுக்கத் திறந்து, கையை எடுத்துவிடுங்கள். அது தானாக வந்து, தாழ் 'டக்' என்று விழுந்தால்தான் அது ஃபயர் டோர். விழவில்லையென்றால் முதலில் தரையைப் பாருங்கள். புதுப்பிக்கும்போது தடிமனான கார்பெட் போட்டு, கதவின் அடிப்பகுதி அதில் உரசி நின்றுவிடுவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். கதவைத் தானாக மூடவைக்கும் க்ளோசரை இறுக்கினால் தீராது, கதவு அறைந்து சாத்துகிறது என்று விருந்தினர் புகார்தான் வரும். கார்பெட்டைக் கதவடியில் வெட்டி, உலோகப் பட்டை போடுங்கள். ஹவுஸ்கீப்பிங் தள்ளுவண்டி போகவர ஆட்கள் கதவுக்கு ஆப்பு வைக்கிறார்கள் என்றால் அவர்களைத் திட்டிப் பயனில்லை. மின்காந்தப் பிடிப்பு வைத்துவிடுங்கள், அலாரம் அடித்தால் பிடி விட்டுக் கதவு மூடிக்கொள்ளும்.

துளைகளுக்கு ஒரு டார்ச்சும் ஏணியும் போதும். நடைபாதையின் ஃபால்ஸ் சீலிங் பலகையைத் தூக்கி, அறைச் சுவர் மேல் ஸ்லாப் வரை போகிறதா என்று பாருங்கள். இன்டர்நெட்காரர், டிவிக்காரர், ஏசிக்காரர் ஆளுக்கொரு ஓட்டை போட்டிருப்பார்கள். சாதாரண ஃபோம் அடித்து அடைக்க விடாதீர்கள், அது எரியும். சோதித்துச் சான்று பெற்ற ஃபயர்ஸ்டாப் சீலண்ட் வேண்டும்.

கடைசியாக அலாரம். இதில்தான் எனக்குக் கோபம் வரும். இரவு ஆள் சத்தத்தை நிறுத்துவது அவர் தப்பு அல்ல, புகையை உணரும் டிடெக்டரைக் குளியலறைக் கதவுக்கு நேரே வைத்தவர் தப்பு. தள்ளி வையுங்கள், அல்லது புகையையும் வெப்பத்தையும் சேர்த்துப் பார்க்கும் மல்ட்டி சென்சார் போடுங்கள். ஆள் போய்ப் பார்க்க அவகாசம் வேண்டுமென்றால் அதற்கும் முறை இருக்கிறது. அலாரங்களுக்கான என்எஃப்பிஏ 72 விதிப்படி, 15 விநாடிக்குள் பேனலில் ஒருவர் ஏற்க வேண்டும், அதன்பின் பார்த்துவர 180 விநாடி வரை தரலாம். அதற்குள் அவர் ரீசெட் செய்யவில்லையென்றாலோ வேறொரு டிடெக்டர் அடித்தாலோ அலாரம் முழுதாக ஒலிக்கும். அதிகாரியின் ஒப்புதல் இல்லாமல் இதை வைக்கக்கூடாது.

சத்தத்தைத் தலையணையில் அளக்க வேண்டும், நடைபாதையில் அல்ல. அறைக்கதவைச் சாத்தி, ஏசியை ஓடவிட்டு, மீட்டரைத் தலையணை மேல் வையுங்கள். 75 டெசிபல் வர வேண்டும். நடைபாதையில் காதைப் பிளக்கும் ஹூட்டர், சாத்திய கதவுக்குள் முனகலாகத்தான் கேட்கும். பயணக் களைப்பில், சிலர் குடித்துவிட்டும், அறிமுகமில்லாத அறையில் தூங்குகிறவர்களை எழுப்ப அது போதாது. பெரும்பாலும் அறைக்குள்ளேயே சவுண்டர் (அலாரம் ஒலிக்கும் கருவி) வைக்க வேண்டியிருக்கும்.

பதில்: அடுப்படி

மேலே சொன்னதில் மாற்றுக்கருத்து இல்லை, ஆனால் ஹூட்டைக் கடைசியில் தள்ளாதீர்கள். நான் ஹூட் சிஸ்டம், அதாவது ஹூட்டுக்குள் இருந்து அடுப்புத் தீயை அணைக்கும் அமைப்பை, சர்வீஸ் செய்கிறவன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று விதியில் இருப்பதற்குக் காரணம் உண்டு. சூட்டில் உருகி சிஸ்டத்தை இயக்கும் ஃப்யூசிபிள் லிங்க் மேல் எண்ணெய்ப் பிசுக்கு ஏறினால் உருக வேண்டிய நேரத்தில் உருகாது. தீயணைப்பு மருந்து தெளிக்கும் நாஸிலின் மூடி விழுந்திருந்தால் பிசுக்கு உள்ளே போய் அடைத்துவிடும். அதைவிட முக்கியம், அடுப்புகளை இடம் மாற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். சீசனுக்காக ஃப்ரையரை இரண்டடி நகர்த்தியிருப்பார்கள், நாஸில் பழைய இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். சிஸ்டம் இயங்கும்போது கேஸ் தானாக நிற்கிறதா என்பதையும் சோதிக்கச் சொல்லுங்கள். கேஸ் நிற்காவிட்டால் அணைந்த எண்ணெய் திரும்பப் பற்றும்.

பதில்: இரவுப்பணி

ஆட்களைப் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். விருந்தினர் வந்த வழியாகத்தான் திரும்பப் போவார்கள். 2003இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் 'ஸ்டேஷன்' என்ற இரவு விடுதியில் தீப்பிடித்து 100 பேர் இறந்தார்கள். வேறு வாசல்கள் இருந்தும், பலர் தாங்கள் உள்ளே வந்த முன்வாசலுக்கே ஓடி நெரிசலில் சிக்கினார்கள். உங்கள் ஹோட்டலில் அது லிஃப்ட் பக்கமாக இருக்கும். பகலில் மேலாளர்களை வைத்து ஒத்திகை நடத்திப் படம் எடுத்து ஃபைலில் வைப்பதோடு நிறுத்தாதீர்கள். அதிகாலை மூன்று மணிக்கு யார் யார் இருக்கிறார்களோ அவர்களை மட்டும் வைத்து நடத்துங்கள். சீசனுக்கு எடுக்கும் தற்காலிக ஆட்களுக்கும் சேர்த்து.

கேட்டவர்: மாடிப்படி

மிக்க நன்றி. வால்வைத் திறந்து டெஸ்ட் பார்த்துவிட்டோம், தண்ணீர் நன்றாக வருகிறது. டாம்பர் ஸ்விட்ச் ஒயர் நீங்கள் சொன்னபடியே கழற்றித்தான் கிடந்தது. அறைக்குள் சவுண்டர் வேலை மட்டும் சீசனுக்குள் முடியாது போலிருக்கிறது. அதிகாரியிடம் இதை எப்படிச் சொல்வது?

பதில்: வால்வுசாவி

முடியாததை மறைக்காமல் எழுதிக் கொடுங்கள். எந்த மாடி எந்தத் தேதிக்குள் முடியும், அதுவரை என்ன மாற்று ஏற்பாடு என்று ஒரே பக்கத்தில் போதும். முடிக்காத மாடிகளில் இரவு முழுக்க ரோந்து, ரோந்து ஆள் கையில் மாஸ்டர் சாவியும் வாக்கிடாக்கியும், அவர் கையெழுத்திடும் நேரப் பதிவேடு. மேல் மாடிகளில் வேலையைத் தொடங்குங்கள், அங்கிருந்து இறங்கத்தான் நேரம் அதிகம் பிடிக்கும். சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கும் காது கேளாதவர்களுக்கும் சவுண்டர் வேலை முடிந்த மாடியில் அறை கொடுங்கள். காது கேளாதவர் அறையில் ஒளிரும் விளக்கும் தலையணை அதிர்வுக் கருவியும் வேண்டும். இதை ரிசப்ஷன் கணினியிலேயே பதிந்து வைக்கச் சொல்லுங்கள். அலாரம் அடித்தால் எந்த அறைக்கு முதலில் ஆள் போக வேண்டும் என்று அங்கிருப்பவருக்கு அப்போதுதான் தெரியும்.