உள்ளீடற்ற நானோ உருண்டை: வேலைக்கு ஆகுமா, வெறும் பேப்பர் தானா?

குழாய்மண்டை:
நானோன்னு சொன்னாலே "புருடா"ன்னு ஒரு கமென்ட் விழுது, நேத்தும் அதே கதை, அதான் தனி த்ரெட். உள்ள காலியா இருக்குற நானோ (கண்ணுக்கே தெரியாத அளவு பொடிசான) உருண்டைக்கும் குழாய்க்கும் தண்ணி சுத்தம் பண்றதுலயும் மருந்துலயும் நெஜமாவே வேலை இருக்கு. வெளிப்பக்கம் கிடைக்குது, உள்பக்கமும் கிடைக்குது, ஆர்சனிக், ஈயம் ஒட்டிக்க அவ்ளோ இடம். மறுக்கறவங்க வாங்க.

சந்தேகசாமி:
வந்தாச்சு. ஓட்டுல துளை இல்லேன்னா உள்ள இருக்குற காலியிடம் பூட்டி வச்ச ரூம், தண்ணி எப்படி போகும்? சரி துளை போடுவோம்னா, துளை நிறைஞ்ச ஆக்டிவேட்டட் கார்பன், அதான் ஃபில்டர்ல போடுற கரி, எப்பவோ வந்தாச்சு, கிராமுக்கு 1000 சதுர மீட்டர் மேற்பரப்பு அதுல சாதாரணம். அதுக்கு மேல உங்க உருண்டை என்னத்த கிழிக்குது?

குழாய்மண்டை:
கரி கரிமக் கழிவுக்கு கில்லி பாஸ், ஆர்சனிக்னு வந்தா சுமார்தான். அதுக்கு இரும்பு ஆக்சைடு வேணும், ஆனா கெட்டி உருண்டையா இருந்தா நடுவுல இருக்குற இரும்பு சும்மா கெடக்கும், மெல்லிசு ஓடா இருந்து அதுல துளையும் இருந்தா அந்த இரும்புல முக்கால்வாசி தண்ணியத் தொடும். குடிதண்ணில ஆர்சனிக்குக்கு உலக சுகாதார அமைப்பு (WHO) வச்ச வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், அவ்ளோ கீழ இறக்கணும்னா ஒட்டுற இடம் நெறய வேணும்ல.

லேப்கோட்:
நான் சிலிகா (மணல்ல இருக்குற பொருள்) ஓடு செஞ்சிருக்கேன். பாலிஸ்டைரீன் மணி மேல சிலிகா பூசி ஃபர்னஸ்ல 500 டிகிரிக்கு மேல வச்சா பிளாஸ்டிக் எரிஞ்சு போயிடும், ஓடு மட்டும் நிக்கும். எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்ல பாத்தா ஓரம் கருப்பா, நடுவுல வெளுப்பா, வளையல் கொட்டி வச்ச மாதிரி, பாத்துட்டே இருக்கலாம். தலைவலி அப்புறம்தான். தண்ணில போட்டேன், பால் மாதிரி ஆயிடுச்சு, ஃபில்டர் பேப்பர்ல ஊத்துனா கீழயும் பாலாவே இறங்குது. சுத்தம் பண்ணப் போட்டத வெளிய எடுக்க தனியா ஒரு வேலை.

சந்தேகசாமி:
இத தான் கத்திட்டு இருக்கேன்!! கார்பன் நானோகுழாயும் இதே கதை தான், 1991ல ஜப்பான் விஞ்ஞானி இஜிமாவோட பேப்பர் வந்துச்சு, 2006ல குழாய்க்குள்ள தண்ணி கணக்குப் போட்டத விட ஆயிரம் மடங்குக்கு மேல வேகமா ஓடுதுன்னு காட்டுனாங்க, ஆனா இன்னிக்கும் ஆர்.ஓ. பிளான்ட்ல ஓடுறது பாலிஅமைடு சவ்வு. போதாக்குறைக்கு 2008ல நீளமான குழாய எலியோட வயித்துக் குழிக்குள்ள ஊசில ஏத்திப் பாத்தாங்க, ஆஸ்பெஸ்டாஸ் மாதிரியே அழற்சி.

குழாய்மண்டை:
நீளமானதுல தான், குட்டை குழாய்ல அப்படி வரல, அத ஏன் முழுங்கிட்டீங்க? வெளிய எடுக்க காந்தம் இருக்கு, ஓட்டுல மேக்னடைட் (காந்தம் இழுக்குற இரும்பு ஆக்சைடு) கலந்தா காந்தம் வச்ச பக்கமா ஒதுங்கிடும். சரி, தண்ணிய விடுங்க, டாக்ஸில்? 1995ல அமெரிக்கால அனுமதி கிடைச்ச புற்றுநோய் மருந்து, 100 நானோமீட்டருக்குள்ள இருக்குற காலி கொழுப்புப் பை.

சந்தேகசாமி:
லிபோசோம் உங்க கட்சியா? 1960கள்லயே கண்டுபிடிச்ச கொழுப்பு பை அது, நானோன்னு பேர் வச்சது பின்னாடி.

லேப்கோட்:
பேர் எப்ப வச்சா என்ன, உள்ள காலி, அதுல மருந்து, அவ்ளோதான். அதோட சூட்சுமமே அந்த காலியிடம் தான். பைக்குள்ள முதல்ல அம்மோனியம் சல்ஃபேட் கரைசல் இருக்கும், டாக்ஸில்ல இருக்குற மருந்தான டாக்ஸோரூபிசின் சவ்வத் தாண்டி உள்ள போனதும் சல்ஃபேட்டோட சேந்து படிகமாயிடும், திரும்ப வர முடியாது. உறைய வச்சு படம் எடுத்தா ஒவ்வொரு பையும் காப்பிக்கொட்டை மாதிரியே இருக்கும், நடுவுல கோடு போட்டு. இதயத்துக்கு வர்ற கெடுதல் குறைஞ்சுது, பதிலுக்கு உள்ளங்கை உள்ளங்கால் எரிச்சல் கூடிடுச்சு. ஆனா குழாய்மண்டை, ரொம்ப குதிக்காதீங்க, 2016ல பழைய ஆய்வுகள எல்லாம் சேத்துப் பாத்தப்ப, ஊசில போட்ட நானோ துகள்ல புற்றுநோய்க் கட்டிக்குப் போய்ச் சேந்தது நடுமதிப்பா 0.7 சதவீதம்தான், மிச்சத்துல பெரும்பங்கு கல்லீரலும் மண்ணீரலும் அமுக்கிக்கும்.

குழாய்மண்டை:
0.7ஆ இருந்தாலும் மருந்தா வந்துச்சா இல்லையா?

சந்தேகசாமி:
வந்துச்சு, மருந்து விஷயத்துல ஒத்துக்கறேன். தண்ணில மாட்டேன். லேப்கோட், அந்த பால் தண்ணிய கடைசில என்ன பண்ணீங்க?

லேப்கோட்:
ரெண்டு தடவ சென்ட்ரிஃபியூஜ்ல சுத்துனேன், மிச்சம் கெமிக்கல் கழிவு கேன்ல. சிங்க்ல ஊத்தல, நீங்க அதுக்குத்தான் கேக்கறீங்கன்னு தெரியும்.