நான்கு சக்கரமும் திரும்பும் ராக் கிராலர்: இன்னும் மனத்தை விட்டு நீங்காத அனுபவங்களைப் பகிருங்கள்

மலைப்பாதை

கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கருங்கற் பாறைகளில் காப்ரா என்ற ராக் கிராலரை, அதாவது ரிமோட்டில் இயங்கிப் பாறை ஏறும் சிறு மாதிரி வண்டியை, ஓட்டுபவன் நான். பின் ஆக்சிலுக்கும் சர்வோ (சக்கரங்களைத் திருப்பும் சிறு மோட்டார்) பொருத்தி, ரிமோட்டில் மூன்று நிலைச் சுவிட்சு ஒன்றை அதற்கு ஒதுக்கி, முன் சக்கரம் மட்டும் திரும்புவது, பின் சக்கரங்கள் முன்னவற்றுக்கு எதிராகத் திரும்பும் எதிர்த்திசை, நான்கும் ஒரே பக்கம் திரும்பும் நண்டு நடை ஆகிய மூன்றையும் அமைத்து முடித்த பிறகு நடந்தது இது. இடப்பக்கம் செங்குத்துப் பாறை, வலப்பக்கம் ஆளுயரப் பள்ளம், நடுவில் வண்டியின் அகலத்தைவிட நான்கு விரற்கடை மட்டுமே கூடுதலான ஒரு விளிம்பு. அது ஓரிடத்தில் இடப்பக்கமாக மடிகிறது. முன் சக்கரங்களை மட்டும் திருப்பி ஓட்டிய காலத்தில், சற்றே ரிவர்ஸ் எடுத்து, மறுபடி முன்னேறி, அந்த மடிப்பைப் பொறுமையாகக் கடந்துவிடுவேன்.

அன்று எதிர்த்திசையில் சுவிட்சை வைத்து முழுவதுமாக இடப்பக்கம் திருப்பினேன். வண்டியின் முகப்பு அழகாக மடிப்புக்குள் புகுந்தது. அதே நேரத்தில் வலப் பின் டயர் விளிம்பைத் தாண்டி வெளியே போய், உதிரிக் கற்களைப் பள்ளத்தில் தள்ளிவிட்டுக்கொண்டு காற்றில் சுழன்றது. வண்டி விழுந்ததும், வண்டியைக் காக்கும் கூண்டின் குழாய் ஒன்று முறிந்ததும் எனக்குப் பெரிதில்லை. டயர் வெளியே போவதைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நொடியில், ஸ்டீயரிங்கை வலப்பக்கம் ஒடித்தால் பின்புறம் உள்ளே வரும், ஆனால் முன்புறம் பள்ளத்துக்குப் போகும் என்பது தெரிந்து என் கை அப்படியே நின்றுவிட்டது. அந்த இடத்தில் சுவிட்சை நண்டு நடைக்குத் தள்ளியிருந்தால் வண்டி தப்பியிருக்குமா? இதே நிலையைச் சந்தித்தவர்கள் சொல்லுங்கள்.

குவாரிக்காரன்

நண்பர் மலைப்பாதைக்கு நேர்ந்தது பள்ளம். எனக்கு நேர்ந்தது மின்சாரம். கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்றின் சரிவில், முன் சக்கரம் ஒரு பிளவிலும் பின் சக்கரம் இன்னொரு பிளவிலும் இறுகிக்கொண்டன. ஸ்டீயரிங்கை அசைத்து விடுவிக்கலாம் என்று முழுவதுமாகத் திருப்பியதும் வண்டி செத்துவிட்டது. ரிமோட்டின் விளக்கு பச்சையாகத்தான் எரிந்தது. பாடியைத் தூக்கிப் பார்த்தால் ரிசீவரின் சின்னச் சிவப்பு விளக்கு அணைந்து, சர்வோக்கள் தளர்ந்ததும் மீண்டும் எரிந்து, நான் திருப்பியவுடன் மறுபடி அணைந்தது. அந்த விளக்கு கண் சிமிட்டியதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

காரணம் எளிது. கிராலர்களில் பரவலாகப் பயன்படும் பல இஎஸ்சிகளின் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவிகள்) உள்ளே இருந்து ரிசீவருக்கும் சர்வோவுக்கும் மின்சாரம் தரும் பெக், தொடர்ச்சியாக 3 ஆம்பியர் அளவுக்கே தாங்கும். 25 கிலோ-செ.மீ. திருகுவிசை கொண்ட ஒரு டிஜிட்டல் சர்வோ, அசைய முடியாமல் நெருக்குண்டு நிற்கும்போது தான் ஒன்றே அவ்வளவையும் கேட்கும். அப்படிப்பட்ட இரண்டு ஒரே நேரத்தில் நெருக்குண்டால் மின்னழுத்தம் சரிந்து, ரிசீவர்தான் முதலில் உயிரை விடும். பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் எடுக்கும் 10 ஆம்பியர் தனி பெக் ஒன்றை வைத்து, இஎஸ்சியிலிருந்து ரிசீவருக்குப் போகும் மூன்று கம்பிகளில் சிவப்பை மட்டும் பிளக்கிலிருந்து உருவி இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டேன். அதன் பிறகு விளக்கு அணைந்ததில்லை.

நெம்புகோல்

குவாரிக்காரன் சொல்வதை நான் பாதிதான் ஏற்பேன். சர்வோ ஏன் நெருக்குண்டது என்பதை அவர் கேட்கவே இல்லை. எனக்கும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது: ஒரு நண்பர் புதிதாகக் கட்டிய வண்டியை என் மேசையில் வைத்தார், நால்சக்கரமும் காற்றில் இருந்தபோதே பின் சர்வோ எங்கோ முட்டி நின்று கொசு போல ரீங்கரித்துக்கொண்டிருந்தது. என் அனுபவம் அவ்வளவுதான்.

ஆகவே புதியவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் சர்வோவில், அதன் அச்சில் மாட்டும் கையான ஹார்னைப் பொருத்தாமல் ரிசீவரையும் ரிமோட்டையும் இயக்கி, சர்வோவின் நடுநிலையைச் சரிசெய்யும் டிரிம்மும் சப்-டிரிம்மும் பூஜ்யத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். அதன் பிறகு ஹார்னை, அதைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டான லிங்குக்குச் செங்குத்தாக நிற்கும் பல்லில் உட்காரவைத்து, மிச்சமிருக்கும் சிறு கோணலை மட்டும் சப்-டிரிம்மில் சரிசெய்யுங்கள். ஹார்ன் அலுமினியமாகவும், 25 பல் சர்வோவாக இருந்தால் அதே 25 பல் கொண்டதாகவும் இருக்கட்டும். பிளாஸ்டிக் ஹார்ன் பாறையில் ஒரே அடியில் வழுக்கிவிடும். அடுத்தது எண்ட் பாயின்ட், அதாவது சர்வோ எவ்வளவு தூரம் திரும்பலாம் என்ற எல்லை. சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் நக்கிள், ஆக்சிலின் தடுப்பில் முட்டும் இடத்துக்கு ஒரு மயிரிழை முன்பாகவே சர்வோ நிற்க வேண்டும். இடத்துக்கும் வலத்துக்கும் தனித்தனியாகவும், முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாகவும் அமைக்க வேண்டும். இதை எதிர்த்திசையில் மட்டும் செய்துவிட்டு விடுகிறார்கள். நண்டு நடைக்கு மாற்றும்போது சில ரிமோட்டுகளில், முன் பின் சர்வோக்களை இணைத்து இயக்கும் மிக்ஸ் தலைகீழாகி, இடத்து எல்லை வலத்துக்குப் போய்விடும், சர்வோ மறுபடி முட்டும். கடைசியாக, உலோகத்துக்குள் போகும் ஒவ்வொரு திருகுக்கும் நீல நிற லாக்டைட் பசை ஒரு துளி வையுங்கள். பிளாஸ்டிக்குக்குள் போகும் திருகுக்கு வைக்காதீர்கள். பின் ஸ்டீயரிங் வைத்தவர்கள் முன் ஆக்சிலில், அதைப் பின்னதைவிடச் சற்று வேகமாகச் சுற்றவைக்கும் ஓவர்டிரைவ் கியரும் போட்டுக்கொள்வது நல்லது. வளைவில் முகப்பை இழுத்துத் தரும்.

மேற்கு மலை

நான் டென்வரில் வசிக்கிறேன். மலைப்பாதையின் கேள்விக்கு நான் சொல்வது நேரான விடையாகாது; ஆனால் அதைப் படித்ததும் யூட்டா மாநிலத்து மோவாபில் பார்த்த ஒரு பெரியவர்தான் நினைவுக்கு வந்தார். மோவாபின் மணற்கல் எப்படிப்பட்டது என்பது ஓட்டியவர்களுக்குத் தெரியும். ஸ்லிக்ராக், அதாவது வழுக்குப் பாறை என்று பெயர் வைத்துவிட்டார்களே தவிர, மென்மையான ரப்பர் டயர் அதன்மேல் வழுக்குவதே இல்லை. நம்ப முடியாத சரிவுகளில் வண்டி நிற்கும், ஆகவே நம்ப முடியாத இடங்களிலிருந்து விழும்.

அந்தப் பெரியவரின் வண்டியில் இருந்தவை கிளாட் பஸ்டரின் ஆக்சில்கள். 1987இல் டாமியா நிறுவனம் வெளியிட்ட அந்த மான்ஸ்டர் டிரக்கில் ஒவ்வோர் ஆக்சிலுக்கும் ஒரு மோட்டார், நான்கு சக்கரமும் திரும்பும். கிராலர் என்று தனியாக ஒரு வண்டி கடையில் கிடைக்காத காலத்தில், அந்த ஆக்சில்களைக் கழற்றித் தாங்களே அடித்த சட்டத்தில் மாட்டித்தான் பலர் பாறை ஏறினார்கள் என்பது இங்குள்ள மூத்தவர்களுக்குத் தெரிந்ததே. டிஃபரன்ஷியலை இறுக்கி, ஒவ்வோர் ஆக்சிலின் மேலும் ஒரு சர்வோவும், ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு இஎஸ்சியும் வைத்திருந்தார்.

அவர் ரிமோட்டில் மிக்ஸ் என்று ஒன்று இல்லவே இல்லை. முன் சக்கரங்கள் வலது குச்சியில், பின் சக்கரங்கள் இடது குச்சியில். மலைப்பாதை சொன்னது போன்ற ஒரு விளிம்பில், அவர் முன்புறத்தை இடப்பக்கம் திருப்பி, பின்புறத்தை நேராகவே வைத்து ஊர்ந்தார். பின் டயரின் வெளிப்பக்கக் கட்டைகள் விளிம்பைத் தொட்டபோது, இடது கட்டைவிரல் ஏறக்குறைய அசைந்ததாகவே தெரியாத அளவுக்கு அசைந்தது. பின் சக்கரங்கள் இரண்டும் பாறைப் பக்கமாகச் சற்றே திரும்பின. வால் உள்ளே வந்தது. வண்டி அதுவரை நிற்கவே இல்லை. சுவிட்சில் இருப்பது மூன்று நிலைகள் மட்டுமே, நண்பரே. அவர் விரலில் இருந்ததற்கு நிலைகளே கிடையாது. நான் இப்போது பின் சர்வோவைத் திருகுக் குமிழ் ஒன்றில் வைத்திருக்கிறேன். அந்த விரல் எனக்கு இன்னும் வரவில்லை.

வட்டம்

நெம்புகோல் ஐயா எண்ட் பாயின்ட் பற்றிச் சொன்னது அனைத்தும் சரி. ஓவர்டிரைவ் பற்றி அவர் கடைசியில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனதைத்தான் என்னால் விட முடியவில்லை.

காப்ராவின் வீல்பேஸ் (முன், பின் ஆக்சில்களுக்கு இடையிலான தூரம்) 310 மில்லிமீட்டர். முன் சக்கரங்கள் மட்டும் 30 பாகை திரும்பினால், முன் ஆக்சிலின் நடுப்புள்ளி 620 மில்லிமீட்டர் ஆரமுள்ள வட்டத்திலும், பின் ஆக்சிலின் நடுப்புள்ளி ஏறத்தாழ 537 மில்லிமீட்டர் ஆரமுள்ள வட்டத்திலும் போகும். அதாவது, முன் ஆக்சில் கிட்டத்தட்ட 15 சதவீதம் கூடுதல் தூரம் போக வேண்டும். இரண்டு ஆக்சிலையும் ஒரே கியர்பாக்ஸ் பூட்டி ஓட்டும் வண்டியில் இந்த வித்தியாசத்தை டயர்தான் தேய்ந்தும் முறுக்கியும் ஈடுகட்டுகிறது. ஓவர்டிரைவ் அந்தச் சுமையைக் குறைக்கிறது. ஆனால் பின் சக்கரங்களும் எதிர்த்திசையில் 30 பாகை திரும்பும்போது, இரண்டு ஆக்சிலும் 310 மில்லிமீட்டர் ஆரமுள்ள ஒரே வட்டத்தில் போகின்றன. திரும்பும் வட்டம் பாதியாகிறது, தூர வித்தியாசம் பூஜ்யமாகிறது. அங்கே ஓவர்டிரைவ் இழுத்துத் தருவதற்கு எதுவும் இல்லை. முன் டயரையும் பின் டயரையும் ஒன்றோடொன்று சண்டையிட வைப்பது மட்டுமே மிஞ்சும். நண்டு நடையிலும் அப்படியே.

இதை நான் காகிதத்தில் கண்டுபிடிக்கவில்லை. மாடியின் சிமென்ட் தரையில் ஈரம் காயாத ஒரு மாலையில் முழு வட்டம் அடித்தபோது, பின் டயரின் தடம் முன் டயரின் தடத்தின் மேலேயே அச்சுப் பிசகாமல் விழுந்ததைப் பார்த்தேன். நான்கு தடங்களுக்குப் பதிலாக இரண்டே இரண்டு. கணக்கைப் பிறகுதான் போட்டேன்.

நெம்புகோல்

மாடியில் தடம் பார்ப்பது வேறு, மலையில் ஏறுவது வேறு. ஓவர்டிரைவ் வளைவுக்கு மட்டும் என்று யார் சொன்னது? செங்குத்தான ஏற்றத்தில் முன் ஆக்சில் சற்று வேகமாகச் சுற்றும்போது, முகப்பை முன்னோக்கி இழுத்து, பின்புறம் வண்டிக்கு அடியில் புகுந்து தள்ளுவதைத் தடுக்கிறது. நான் வளைவு என்று எழுதியதை வட்டம் பிடித்துக்கொண்டார். அது ஒரு காரணம்தான், ஒரே காரணம் அல்ல. மேலும், பாறையில் முழு நேரமும் எதிர்த்திசையில் யாரும் ஓட்டுவதில்லை. பெரும்பாலான நேரம் சுவிட்சு முன் சக்கரத்தில்தான் இருக்கிறது, அப்போது அவருடைய அந்த 15 சதவீதம் திரும்பி வந்துவிடுகிறது.

செங்குத்து

ஏற்றம் என்றதும் எழுதத் தோன்றியது. நீங்கள் எல்லோரும் திரும்புவதைப் பற்றியே பேசுகிறீர்கள். என்னை உறுத்திக்கொண்டிருப்பது எடை.

முன் ஸ்டீயரிங் மட்டும் இருந்தபோது நான் வழக்கமாக ஏறும் பலகைப் பாறை ஒன்று வீட்டருகில் இருக்கிறது. பின் சர்வோ பொருத்திய பிறகு அதே பாறையில், அதே டயரில், அதே வேகத்தில் ஏறினேன். உச்சிக்குச் சற்று கீழே முன் டயர்கள் இரண்டும் பாறையைத் தொட்டும் தொடாமலும் மெல்ல மேலெழுந்தன. வண்டி உடனே கவிழவில்லை. பின் டயர்களின் மேல் நின்றபடி, எந்தப் பக்கம் போவது என்று யோசிப்பதைப் போல நின்றது. பிறகு மல்லாந்து, கூண்டு கல்லில் உரசும் சத்தத்தோடு அடிவாரம் வரை சறுக்கியது.

வீட்டுக்கு வந்து, சமையலறைத் தராசுகள் இரண்டை ஒரே உயரத்தில் வைத்து, ஒன்றின்மேல் முன் சக்கரங்களையும் மற்றொன்றின்மேல் பின் சக்கரங்களையும் நிறுத்திப் பார்த்தேன். முன்புறம் 60, பின்புறம் 40 என்று நான் பார்த்துப் பார்த்துக் கட்டியிருந்த விகிதம் போய்விட்டிருந்தது. சர்வோ, அதன் தாங்கி, அலுமினிய ஹார்ன், லிங்க், நக்கிள்கள், யுனிவர்சல் மூட்டுகள் என்று ஒவ்வொன்றும் சிறியதுதான். அனைத்தும் பின் ஆக்சிலில் போய்ச் சேர்ந்திருந்தன. சர்வோ மட்டுமே 60, 70 கிராம் இருக்கும்.

முன் சக்கரங்களை ஒட்டிய போர்ட்டல் கியர்ப் பெட்டிகளின் மூடிகளைப் பித்தளைக்கு மாற்றினேன், பேட்டரியை முன் ஆக்சிலுக்கு மேலே நகர்த்தினேன், பின் ஷாக்கின் ஸ்பிரிங்கை மென்மையாக்கினேன். தராசில் விகிதம் பழையபடி வந்துவிட்டது. ஆனால் மொத்த எடை கூடிவிட்டதால், முன்பு தொட்டவுடன் பற்றிய இடங்களில் முன் டயர் இப்போது பக்கவாட்டில் நசுங்கி வழுக்குகிறது; அதற்காக டயருக்குள் இருக்கும் ஃபோமை மாற்ற வேண்டும் என்கிறார்கள். உள்ளே மென்மையும் வெளியே கெட்டியுமாக இருப்பதா, அல்லது உள்ளே கெட்டியும் வெளியே மென்மையுமாக இருப்பதா என்பதில் கடைக்காரரும் என் தம்பியும் ஒத்துப்போகவில்லை. கருங்கல்லில் ஓட்டுபவர்கள் யாராவது இரண்டையும் வெட்டிப் போட்டுப் பார்த்திருந்தால், வண்டியின் எடையையும் டயரின் அளவையும் சேர்த்து எழுதுங்கள், ஓவர்டிரைவ் வேண்டாம்.