இணைய வானொலியில் தவில் அடி மழுங்குகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. எங்களுடையது நையாண்டி மேளக் குழு: நாதஸ்வரம், தவில், பம்பை, உறுமி. எங்களை உருவாக்கிய இசையை, நாதஸ்வர மேதை டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் 78 சுற்று இசைத்தட்டு தொடங்கி நாட்டுப்புறப் பாடகி கொல்லங்குடி கருப்பாயி பாட்டு வரை, ஐஸ்காஸ்ட் என்ற இணைய ஒலிபரப்பு சர்வர் வழியாக வாரம் 2 மணி நேரம் ஒலிபரப்புகிறோம்.

நொடிக்கு 64 கிலோபிட் எம்பி3-இல், தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் விரல்கூடு (விரலில் மாட்டும் கூடு) படும் முன்பே 'ஷ்' என்றொரு நிழல் கேட்கிறது. குறைந்த பிட்ரேட்டில் (நொடிக்கு அனுப்பும் தரவின் அளவு) ஒலியைச் சுருக்கும்போது திடீர் அடியில் எழும் இரைச்சல் முன்னாலும் சிந்துவதுதான் காரணம். 128-இல் அடி சுத்தம். ஆனால் மணிக்கு 58 எம்பி டேட்டா. ஊர்ப்புறத்தில் மொபைலில் கேட்பவர்களுக்கு அது பாரம், அவர்களை இழக்க மனமில்லை.

சத்த ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் கம்ப்ரஸரில் ரிலீஸ் (அமுக்கிய ஒலியைப் பழைய அளவுக்கு விட எடுக்கும் நேரம்) 400 மில்லிசெகண்ட் வைத்தபோது ஒவ்வொரு பம்பை அடிக்கும் நாதஸ்வரம் அமுங்கியது. 120-க்கு இறக்கியதும் சரியானது, ஆனால் இப்போது உறுமியின் இழுப்பு நடுங்குகிறது.

எம்பி3-க்குப் பதில் ஏஏசி என்ற ஒலி வடிவில், 64 கிலோபிட்டில் மேள இசை ஒலிபரப்பியவர்கள் யாராவது உண்டா? ஸ்டீரியோவை மோனோவாக்கினால் (ஒற்றைத் தடம்) நிழல் குறையுமா? உறுமிக்கு ஏற்ற ரிலீஸ் அளவு என்ன? பழைய இசைத்தட்டுக்கு 3 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் 3 பங்கு) ஊசிதான் போடுகிறோம், கீறல் சத்தத்தை நீக்கினால் நாதஸ்வரத்தின் கார்வையும் (நீண்டு ஒலிக்கும் ஸ்வரம்) போய்விடுகிறது. எந்த அளவோடு நிறுத்துவீர்கள்? அமைப்பு எண்களோடு எழுதினால் அடுத்த ஒலிபரப்பிலேயே சோதித்து, முடிவை இங்கேயே பதிகிறோம்.