கெட்டிஸ்பர்க்கில் ஜான் பியூஃபோர்ட்: ஸ்பென்சரா, ஒற்றைச் சுடலா?

குன்னூர் வாசகன்:
ஞாயிறு வாசகர் வட்டத்தில் அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிப் பேசணும். 1863 ஜூலை 1 காலை, சுமார் 2,700 குதிரைவீரர்களோடு வடக்கு (யூனியன்) தரப்புத் தளபதி பியூஃபோர்ட் தெற்குத் தரப்பின் காலாட்படையைத் தடுத்தது தொடர்சுடல் ஸ்பென்சர் துப்பாக்கியாலா?

கோத்தகிரி மணி:
இல்லைங்க. அந்தத் தவறு ஒட்டிக்கிட்டே வருது. அவர்களிடம் இருந்தது ஷார்ப்ஸ் போன்ற ஒற்றைச் சுடல் கார்பைன்கள், அதாவது குதிரைவீரர்களின் குட்டைத் துப்பாக்கிகள். நெம்புகோலை இறக்கினால் பின்புறம் திறக்கும்; தோட்டாவைச் செருகி மூடணும், மருந்தைப் பற்றவைக்கும் சின்ன உலோகத் தொப்பியை மாட்டணும், சுடணும். படுத்தபடியே செய்யலாம். எதிரி குழல்வாயில் மருந்தும் குண்டும் போட்டுக் கம்பியால் இடிக்கணும். நிமிஷத்துக்கு மூன்று சுடுவதே பெரிது.

வெலிங்டன் பார்வை:
ஆள் கணக்கையும் சொல்லுங்க. இறங்கிச் சண்டையிடும்போது நாலில் ஒருவர் குதிரைகளைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னால் நிற்பார். 2,700 பேரில் வரிசையில் மிஞ்சுவது இரண்டாயிரம் சொச்சம்தான். அவரோட இரண்டு படைப்பிரிவில் காம்பிள் படை ஊருக்கு மேற்கே, டெவின் படை வடக்கே.

வெல்லுவது நோக்கமே இல்லை. காலை ஏழரை வாக்கில் முதல் சூடு விழுந்ததும், சாலையில் நெடுக வந்த தெற்குத் தளபதி ஹெத்தின் டிவிஷன் வயலில் இறங்கி அகல வரிசை கட்ட வேண்டியதாச்சு. அதிலேதான் நேரம் போச்சு. பியூஃபோர்ட் மேட்டுக்கு மேடு பின்வாங்கிப் பத்து மணி வரை இழுத்தார். அதற்குள் வடக்குத் தளபதி ரெய்னால்ட்ஸின் காலாட்படை வந்துட்டது. மேடு என்றதும் தொட்டபெட்டாவை நினைக்காதீங்க, நம்ம தேயிலைச் சரிவைவிடத் தாழ்வான முதுகுகள்.

கோத்தகிரி மணி:
பியூஃபோர்டின் பின்னணி: கென்டக்கியில் பிறந்தவர், வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் 1848இல் தேறியவர். 1862இல் இரண்டாம் புல் ரன் சண்டையில் முழங்காலில் காயம். 1863 டிசம்பர் 16இல் டைபாய்டில் இறந்தார், வயது 37. மேஜர் ஜெனரல் பதவி மரணப் படுக்கையில்தான் கிடைச்சது.