மோட்டார்ஹோம் பின்னால் கார்: எதை இழுக்கலாம், வயரிங் எப்படிச் செய்வது

டெக்சாஸில் புதிதாகக் குடியேறிய நம்ம பெங்களூரு தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "அண்ணா, பழைய கிளாஸ் சி மோட்டார்ஹோம் (வேன் சேஸியில் படுக்கை, சமையலறையோடு கட்டிய வீட்டு வண்டி) ஒன்று வாங்கப் போறோம். கோடையில் அப்பா அம்மா அல்சூரிலிருந்து வர்றாங்க. காரையும் பின்னால் மாட்டி இழுத்துட்டுப் போகணும். எந்த டோ பார் நல்லது?"

டோ பார், அதாவது காரை மோட்டார்ஹோமோடு இணைக்கும் இழுவைக் கம்பி, கடைசியில் வாங்க வேண்டிய சாமான், தம்பி. அதற்கு முன்னால் காரின் மேனுவல், பிறகு எடைக் கணக்கு, பிறகு பிரேக், பிறகு வயரிங். வாகன எலக்ட்ரிக்கல் வேலையில் பல வருடம் அமெரிக்காவில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். எல்லோரும் டோ பாருக்குத்தான் விலை விசாரிக்கிறார்கள். தொந்தரவு வருவதோ வயரிங்கில். இங்கே பெங்களூரில் ஒரு லைட் எரியவில்லை என்றால் ஜே.சி. ரோட்டில் அரை மணி நேரத்தில் சரிசெய்து கொடுத்துவிடுவார்கள். அங்கே ஆளை வரவழைத்தால் மணிக்கணக்கில் கூலி, அதுவும் உடனே கிடைக்காது. அதனால் வயரிங்கை நீங்களே புரிந்துகொள்ளுங்கள்.

கார் எதற்கு என்று யோசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கேம்ப்கிரவுண்டில் வண்டியை நிறுத்தி, தண்ணீர், கரண்ட், கழிவுநீர்க் குழாய் எல்லாம் மாட்டிய பிறகு, பால் வாங்க அதையே கிளப்பிக்கொண்டு போக முடியாது. மொன்டானாவில் கிளேசியர் தேசியப் பூங்காவின் கோயிங் டு தி சன் சாலையில், மலை ஏறும் பகுதிக்குள் 21 அடிக்கு மேல் நீளமான வண்டியை விடுவதே இல்லை. அப்பா அம்மா அந்த மலையைப் பார்க்க வேண்டுமானால் கார் வேண்டும்.

சரி, மேனுவல். அதில் 'ரிக்ரியேஷனல் டோயிங்' என்று ஒரு பகுதி இருக்கும். நான்கு சக்கரமும் தரையில் உருளும்படி இழுக்கலாமா, கூடாதா என்று அங்கே தெளிவாக எழுதியிருப்பார்கள். கூடாது என்றால் கூடாதுதான். விற்பனையாளர் என்ன சொன்னாலும் கேட்காதீர்கள். பெரும்பாலான ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஆயில் பம்பை ஓட்டுவது இன்ஜின். இன்ஜின் நின்றிருக்க, சக்கரம் மட்டும் நாள் முழுக்கச் சுற்றினால் உள்ளே ஆயில் போகாமல் பாகங்கள் உரசிக் கருகிவிடும். நியூட்ரலில் போட்டால் போதும் என்று நம்ம ஊர் மெக்கானிக் சொல்வது, ரிப்பேரான வண்டியைப் பக்கத்துத் தெருவுக்குக் கயிறு கட்டி இழுக்கத்தான் பொருந்தும்.

ஜீப் ராங்லரை இப்படி இழுப்பவர்கள் அதிகம். அதன் டிரான்ஸ்ஃபர் கேஸிலேயே, அதாவது கியர்பாக்ஸின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரிக்கும் பெட்டியிலேயே, நியூட்ரல் இருக்கிறது. அதில் போட்டால் சக்கரத்துக்கும் கியர்பாக்ஸுக்கும் தொடர்பு அறுந்துவிடும். ஹோண்டா சிஆர்-வி 2014 மாடல் வரை இழுக்கலாம், 2015-இல் சிவிடி (பெல்ட்டில் ஓடும் ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸ் வந்த பிறகு கூடாது. கிராண்ட் செரோக்கி போன்ற வண்டியில் ஒரே வருட மாடலிலேயே இரண்டு வகை உண்டு: டிரான்ஸ்ஃபர் கேஸில் நியூட்ரல் உள்ளதை இழுக்கலாம், இல்லாததைக் கூடாது. ஆகவே பெயரை மட்டும் கேட்டு வாங்காதீர்கள், அந்த வண்டியின் மேனுவலைத் திறந்து பாருங்கள். டெஸ்லாவை நான்கு சக்கரத்தில் உருட்டவே கூடாது. சக்கரம் சுற்றினால் மோட்டார் கரண்ட் உற்பத்தி செய்யும், சேதம் பெரிதாகிவிடும்.

இழுக்க முடியாத கார்தான் கையில் இருக்கிறதா? முன்சக்கர டிரைவ் என்றால் முன்சக்கரங்களை டாலி என்ற இரு சக்கரச் சிறு வண்டியில் ஏற்றலாம். ஆல்வீல் டிரைவ் என்றால் முழு டிரெய்லர். டிரெய்லரே ஏறக்குறைய 2,000 பவுண்டு எடை இருக்கும். கேம்ப்கிரவுண்டில் அதை எங்கே நிறுத்துவது என்ற தலைவலி வேறு.

எடைக் கணக்கு எளிது, ஆனால் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். மோட்டார்ஹோமும் காரும் சேர்ந்து அதிகபட்சம் எவ்வளவு என்று ஒரு எண் உண்டு, மோட்டார்ஹோம் மட்டும் எவ்வளவு என்று இன்னொன்று. ஃபோர்டு ஈ-450 சேஸியில் வழக்கமாக முதலாவது 22,000 பவுண்டு, இரண்டாவது 14,500. மீதி 7,500. அதற்காக 7,500 இழுக்கலாம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பின்னால் மாட்டியிருக்கும் ஹிட்சில் (டோ பாரைச் செருகும் இணைப்பு) 5,000 என்று எழுதியிருந்தால் உங்கள் எல்லை 5,000 பவுண்டு, அதாவது சுமார் 2,270 கிலோ. டோ பார், காரின் முன்பக்கம் பொருத்தும் பேஸ் பிளேட், டோ பாரை மாட்டும் பந்து அல்லது பின், எல்லாவற்றிலும் எது குறைவோ அதுவே கணக்கு. டோ பார் ஏறக்குறைய மட்டமாக இருக்க வேண்டும். ஹிட்சும் பேஸ் பிளேட்டும் 3, 4 அங்குலத்துக்கு மேல் ஏற்ற இறக்கமாக இருந்தால் உயரத்தைச் சமன் செய்யும் டிராப் ரிசீவர் போடுங்கள். சேஃப்டி கேபிள் இரண்டையும் பாருக்குக் கீழே குறுக்காக மாட்டுங்கள்.

பிரேக் விஷயத்தில் பேரம் வேண்டாம். மோட்டார்ஹோமின் பிரேக் அதன் சொந்த எடையை நிறுத்தக் கணக்கிட்டுச் செய்தது. பின்னால் ஒன்றரை டன் தள்ளிக்கொண்டு வந்தால் நிற்கும் தூரம் கூடும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் 3,000 பவுண்டைத் தாண்டினால் இழுபடும் வண்டிக்குத் தனி பிரேக் கட்டாயம். சில இடங்களில் வரம்பு இன்னும் குறைவு. ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் வைத்து பெடலை அழுத்தும் பெட்டி வகை ஒன்று, காரிலேயே நிரந்தரமாகப் பொருத்தும் வகை ஒன்று. எதுவானாலும் பிரேக்அவே சுவிட்ச் இருக்கட்டும். கார் கழன்று ஓடினால் அதன் கம்பி இழுபட்டு, காரின் பிரேக்கைத் தானே பிடித்துவிடும்.

இப்போது வயரிங். இந்தியாவில் இண்டிகேட்டர் என்றால் ஆம்பர் நிறத்தில் தனி விளக்கு, அதுவே நமக்குப் பழக்கம். அமெரிக்காவில் பின்பக்க இண்டிகேட்டர் சிவப்பாகவும் இருக்கும்: ஒரே பல்பு பிரேக்குக்கும் எரியும், திரும்பும்போது அதுவே மினுக்கும். மோட்டார்ஹோமும் காரும் எந்த வகை என்று முதலில் பாருங்கள். மோட்டார்ஹோம் தனி வகையாகவும் கார் சேர்ந்த வகையாகவும் இருந்தால் நடுவே இரண்டு சிக்னலையும் ஒன்றாக்கும் கன்வெர்ட்டர் ஒன்று தேவை. தலைகீழாக இருந்தால், காரின் பிரேக் பல்பிலேயே இரண்டு வேலையையும் வாங்கிக்கொள்ளலாம், ஆம்பர் விளக்கு சும்மா கிடக்கும்.

நான்கு வயரின் நிறம் மனப்பாடமாக இருக்கட்டும்: வெள்ளை எர்த், பிரவுன் டெயில் லைட், மஞ்சள் இடது, பச்சை வலது. மோட்டார்ஹோம் பக்கம் 7 முனை சாக்கெட் இருந்தால் அதில் சார்ஜ் லைனும் (ஓடும்போது கார் பேட்டரிக்குக் கரண்ட் கொடுக்கும் வயர்) வரும். கார் பக்கம் 6 முனை உருண்டை சாக்கெட் போதும்.

காரின் விளக்குக்கு இப்போது இரண்டு இடத்திலிருந்து கரண்ட் வரப்போகிறது. ஒன்றின் கரண்ட் மற்றதற்குள் திரும்பிப் போகக் கூடாது. இதற்குத்தான் டயோடு, கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் சின்னப் பாகம். அமெரிக்கா கிளம்பும் பையன்களுக்கு நான் இதை அல்சூரில் வீட்டு மொட்டைமாடியில் செய்து காட்டுவேன். எஸ்.பி. ரோட்டில் வாங்கிய 6 ஆம்பியர் டயோடுகள், 21 வாட் பல்பு இரண்டு, ஒரு பைக் பேட்டரி. கார்களில் பிரேக் சுவிட்சிலிருந்து வரும் ஒரே வயர் பெரும்பாலும் இரண்டு பக்கத்துக்கும் பிரிகிறது. அதேபோல் இணைத்துவிட்டு, இடது பல்புக்கு மட்டும் 'மோட்டார்ஹோம்' வயரிலிருந்து கரண்ட் கொடுத்தால் வலதும் சேர்ந்து எரியும். அந்தப் பொது வயர் வழியாகவே போய்விடுகிறது. காரின் கம்ப்யூட்டர் பக்கமும் அப்படித்தான் போகும். காரிலிருந்து வருவதில் ஒன்று, மோட்டார்ஹோமிலிருந்து வருவதில் ஒன்று என ஒவ்வொரு பல்புக்கும் முன்னால் டயோடு வைத்ததும், இடது மட்டும் எரியும். அப்புறம் டயோடை விரலால் தொடச் சொல்வேன். 1.75 ஆம்பியர் போகும்போது 0.7 வோல்ட் அங்கே இழக்கிறது, ஒரு வாட்டுக்கு மேல் சூடு. அதனால் டயோடை டேப்பால் மூட்டை கட்டி ஒளித்து வைக்காதீர்கள், காற்றுப் படும்படி உலோகத் தகட்டில் பொருத்துங்கள்.

காரின் வயரையே தொட வேண்டாம் என்று நினைப்பவர்கள் டெயில் லைட் கூட்டில் துளை போட்டுத் தனி பல்பு வைக்கலாம். நான் சிபாரிசு செய்வது இதைத்தான், கூட்டில் இடம் இருந்தால். புதுக் கார்களில் சீல் செய்த எல்இடி விளக்கு, அதைக் கண்காணிக்கும் கம்ப்யூட்டர் என்று இருப்பதால் டயோடு போட்டாலும் எச்சரிக்கை விளக்கு எரியலாம். அந்த மாடலுக்கென்றே செய்த ஹார்னஸ் (தயாரான வயர்த் தொகுப்பு) கிடைக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் காந்த விளக்கு இருக்கவே இருக்கிறது. ஆனால் அலுமினிய பாடியில் ஒட்டாது.

இணைப்புகளில் நீல நிறக் கிளிப்பைக் கவ்வவிட்டு முடித்துவிடாதீர்கள். குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் மாநிலங்களில் அதற்குள் பச்சை பிடித்துவிடும். கிரிம்ப் செய்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கி இறுகும் குழாய்) போடுங்கள். எர்த் வைக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டிப் பளபளக்கும் இரும்பு தெரிந்த பிறகே போல்ட். இடது இண்டிகேட்டர் போட்டால் எல்லா விளக்கும் மங்கலாக ஆடுகிறது என்றால், வேறு எதையும் கழற்றாமல் முதலில் எர்த்தைப் பாருங்கள்.

சார்ஜ் லைன் தனியாக வேண்டும். பல கார்களில் ஸ்டியரிங் லாக் விழாமல் இருக்கச் சாவியை ஆக்சஸரியில் வைக்க வேண்டியிருக்கும். பிரேக் பெட்டியும் கரண்ட் இழுக்கும். மாலையில் போய் நின்று காரைக் கிளப்பினால் பேட்டரி இறங்கியிருக்கும். இந்த வயரின் இரண்டு முனையிலும் பேட்டரி இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். நடுவில் எங்காவது உரசி ஷார்ட் ஆனால் இரண்டு பக்கமிருந்தும் கரண்ட் பாயும். ஆகவே ஒவ்வொரு பேட்டரிக்கும் பக்கத்தில் ஒரு ஃபியூஸ், மொத்தம் இரண்டு. மோட்டார்ஹோம் இன்ஜின் நின்றதும் இணைப்பு அறும்படி ரிலே (கரண்டால் தானே இயங்கும் சுவிட்ச்) போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, கடைக்காரர்கள்கூட எல்லோரும் சொல்வதில்லை. டயோடு முறையில், பெட்டி காரின் பெடலை அழுத்தும்போது காரின் பிரேக் லைட் நிலையாக எரியும். அப்போது இண்டிகேட்டர் மினுக்குவது தெரியாது, பின்னால் வருபவருக்கு நீங்கள் திரும்புவது புரியாது. இழுக்கும்போது மட்டும் காரின் பிரேக் சுவிட்ச் சிக்னலைத் துண்டிக்கும் ரிலே இருக்கிறது. சின்னச் சாமான்தான், வாங்கிப் போடுங்கள்.

கிளம்பும் முன் வீட்டில் ஒருவரைப் பின்னால் நிறுத்தி, டெயில், இடது, வலது, பிரேக் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள். ஹேண்ட்பிரேக் விட்டதா, கியர் மேனுவலில் சொன்ன நிலையில் இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு, சில அடி மெதுவாக நகர்த்தி நான்கு சக்கரமும் சுற்றுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். காரின் டயர்களுக்கும் காற்றழுத்த சென்சார் அவசியம். பின்னால் டயர் போனால் மோட்டார்ஹோம் ஸ்டியரிங்கில் ஒன்றும் தெரியாது, தீப்பிடித்த பிறகுதான் கண்ணாடியில் தெரியும்.

ரிவர்ஸ் எடுக்கவே கூடாது. முன்சக்கரம் தன் போக்கில் ஒரு பக்கம் மடங்கி, டோ பார் வளைந்துவிடும். பெட்ரோல் பங்க்குக்குள் நுழையும் முன்னே வெளியே போக வழி இருக்கிறதா என்று பாருங்கள். மாட்டிக்கொண்டால் காரைக் கழற்றித்தான் ஆக வேண்டும். கலிபோர்னியாவில் எதை இழுத்தாலும் அதிகபட்ச வேகம் 55 மைல், பக்கத்தில் மற்ற கார்கள் 70-இல் போனாலும்.

வாடகை மோட்டார்ஹோம் என்றால் இழுக்க அனுமதி உண்டா என்று ஒப்பந்தத்தில் முதலில் பாருங்கள், பலர் தருவதில்லை. தம்பி, உங்கள் காரின் மாடல், வருடம், பின்விளக்கு பல்பா எல்இடியா, மோட்டார்ஹோம் ஹிட்சில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரின் படம், இவ்வளவும் இங்கே போடுங்கள். டோ பார் ஆர்டர் செய்யும் முன் வயரிங் படம் வரைந்து அனுப்புகிறேன்.