நாற்பது வயதில் வேலை போனவர் எந்த வகுப்பில் போய் உட்காருவது?

கூடுவாஞ்சேரி குமார்:
மறைமலைநகர் ஃபோர்டு ஆலையிலிருந்து கடைசி வண்டி வெளியே வந்தது 2022 ஜூலையில். 2,500க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். அவர்களில் எனக்குத் தெரிந்த பலர் அப்போதே முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தார்கள். இழப்பீடு வந்தது, வீட்டுக் கடனை அடைத்தார்கள், சிலர் வண்டி வாங்கி டாக்ஸி ஓட்டுகிறார்கள். புதிதாக ஒரு தொழில் கற்றுக்கொள்ளலாம் என்று நினைத்தவருக்கு இடம் எங்கே இருக்கிறது? ஐடிஐயில் ஆண்களுக்கு 40 வயதோடு சரி. பெண்களுக்கு வரம்பு இல்லை, அது நல்ல விஷயம். கிராமப்புற இளைஞர்களுக்கான மத்திய அரசுப் பயிற்சித் திட்டமோ பொதுவாக 35 வயதோடு நின்றுவிடும்.

அமெரிக்காவில் வயது பார்க்காமல் உள்ளூர்க்காரர்களுக்குத் தொழில் கற்றுத்தர சமுதாயக் கல்லூரி என்று ஒன்று உண்டு. 1901லேயே இல்லினாய்ஸ் மாநிலத்து ஜோலியட்டில் அதற்கு விதை போட்டார்கள். இன்று அங்கே ஐம்பது வயதுக்காரர் சமுதாயக் கல்லூரிக்கு மாலையில் போய் வெல்டிங் படிக்கலாம், ஏசி மெக்கானிக் வேலை படிக்கலாம். நம் பக்கத்திலும் 1995இல் புதுச்சேரியில், 1996இல் சென்னையில் சமுதாயக் கல்லூரி வந்தது. அப்புறம் யுஜிசியும் திட்டம் போட்டது. ஆனால் எல்லாம் பள்ளியைப் பாதியில் விட்ட பிள்ளைகளை மனதில் வைத்தே நடந்தது. வேலை இழந்த பெரியவர்களுக்கென்று மாவட்டத்துக்கு ஒன்று வேண்டும் என்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
குமார், அமெரிக்காவை இழுத்ததால் அமெரிக்காவிலிருந்தே பதில். விஸ்கான்சினில் ஜேன்ஸ்வில் என்று ஓர் ஊர். ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைதான் ஊருக்கே சோறு. 2008 டிசம்பர் 23, கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் அங்கே வண்டி தயாரிப்பை நிறுத்தினார்கள். அரசு பணம் கொடுத்தது. பக்கத்திலிருந்த பிளாக்ஹாக் தொழில்நுட்பக் கல்லூரியில் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்தார்கள். கணினியை எப்படி ஆன் செய்வது என்றே தெரியாதவர்களும் அதில் இருந்தார்கள். கல்லூரி உண்மையாகவே பாடுபட்டது, அதில் குறை சொல்ல முடியாது. பிறகு சம்பளக் கணக்கை எடுத்து ஒப்பிட்டார்கள். படிக்கப் போகாதவர்கள், போனவர்களைவிட அதிகம் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள்.

காரணம் எளிது. ஊரில் வேலை இல்லை. இருந்த கொஞ்சநஞ்ச வேலையையும் முதலில் ஓடிப் போனவர்கள் பிடித்துக்கொண்டார்கள். இவர்கள் சான்றிதழோடு வெளியே வந்தபோது வரிசையின் கடைசியில் நின்றார்கள்.

சான் அன்டோனியோ மீரா:
ஜேன்ஸ்வில்லைச் சொல்பவர்கள் அதோடு நிறுத்திவிடுவது எனக்கு எப்போதும் எரிச்சல். நான் இருக்கிற ஊரின் கதையையும் கேளுங்கள் சார். 1990இல் இங்கே லீவைஸ் தையல் ஆலை மூடப்பட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தெருவுக்கு வந்தார்கள். பெரும்பாலும் மெக்சிக வழிப் பெண்கள். தேவாலயங்களை ஒட்டிய மக்கள் அமைப்புகள் சேர்ந்து 1992இல் பிராஜெக்ட் குவெஸ்ட் என்று ஒன்றைத் தொடங்கின. தனிக் கட்டடம் எதுவும் கட்டவில்லை. இருக்கிற சமுதாயக் கல்லூரிக்கே ஆளை அனுப்பி, கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் பஸ்ஸுக்கும் கைகொடுத்தார்கள். வாரம் ஒருமுறை ஆலோசகரோடு உட்கார்ந்து பேச வேண்டும். ஒருவர் வகுப்புக்கு வரவில்லை என்றால் ஏன் என்று தேடிப் போய்க் கேட்பார்கள்.

இதைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்துச் சோதித்தார்கள். ஒன்பதாவது ஆண்டில்கூடக் குவெஸ்ட் குழுவின் வருமானம் மற்றதைவிட ஆண்டுக்கு 5,000 டாலருக்கு மேல் அதிகம். வாஷிங்டன் மாநிலத்தில் 1990களில் வேலை இழந்தவர்களைப் பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. ஓராண்டுப் படிப்பு சராசரியாக ஆணுக்கு 9, பெண்ணுக்கு 13 சதவீதம் வருமானத்தைக் கூட்டியது. தொழில்நுட்பம், கணிதம் சார்ந்த பாடம் எடுத்தவர்களுக்கு 14, 29. மற்றப் பாடங்களால் கிட்டத்தட்ட ஒன்றும் கிடைக்கவில்லை. ஆகவே பயிற்சி பலிக்குமா என்று மொட்டையாகக் கேட்பதில் அர்த்தமில்லை. எந்தப் பாடம், கூட யார் நிற்கிறார்கள் என்று கேளுங்கள்.

கணக்குப்பிள்ளை:
மீரா மேடம், குவெஸ்ட் சோதனையில் இருந்தவர்கள் நானூறு பேர் சொச்சம். பள்ளிப் படிப்பு முடித்திருக்க வேண்டும், அப்புறம் தேர்வு வேறு. படித்ததும் பெரும்பாலும் நர்சிங் மாதிரி மருத்துவத்துறைப் படிப்புகள். அங்கே நர்ஸுக்கு மதிப்பான சம்பளம். இங்கே? சிறிய தனியார் மருத்துவமனையிலும் நர்ஸுக்குக் குறைந்தது 20,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த குழு 2016இலேயே பரிந்துரைத்தது. உங்கள் தெரு முனை மருத்துவமனையில் போய் விசாரித்துப் பாருங்கள். படிப்பை இறக்குமதி செய்யலாம், சம்பளத்தை எப்படிச் செய்வீர்கள்?

திருவெறும்பூர் பாண்டி:
பெரிய பெரிய ஊரெல்லாம் பேசுகிறீர்கள், நான் வெல்டர், என் தொழிலைச் சொல்கிறேன். எங்கள் பக்கம் 6ஜி என்கிற வெல்டிங் டெஸ்ட் பாஸ் செய்த ஆளுக்கு வயதை யாரும் கேட்பதில்லை. குழாயை 45 டிகிரி சாய்வில் அசையாமல் கட்டிவிடுவார்கள். அதை நாம் சுற்றி வந்து, கீழே படுத்து, மேலே எட்டி, முழு வட்டமும் பற்ற வைக்க வேண்டும். அப்புறம் எக்ஸ்ரே எடுப்பார்கள். உள்ளே ஒரு பொட்டு ஓட்டை இருந்தாலும் ஃபெயில். பாஸ் என்றால் வளைகுடாவுக்குப் போகலாம், இங்கேயே பாய்லர் வேலைக்கும் போகலாம்.

கை அந்த அளவுக்கு வர வெல்டிங் ராட் எரிய வேண்டும் அண்ணே, கட்டுக் கட்டாக. என் மச்சான் சேர்ந்த மையத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு ராட். மிச்ச நேரம் புரொஜெக்டரில் படம். கடைசியில் சான்றிதழில் வெல்டர் என்று போட்டுக் கொடுத்தார்கள். ஃபேப்ரிகேஷன் பட்டறையில் டெஸ்ட் வைத்தபோது ரூட் ரன்னே, அதாவது இணைப்பின் அடியில் போடும் முதல் பற்றே, பிடிக்கவில்லை, ஹெல்பராக எடுத்துக்கொண்டார்கள். கல்லூரி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ராட் வாங்கக் காசு ஒதுக்குவீர்களா, அதைச் சொல்லுங்கள்.

முன்னாள் பயிற்றுநர்:
பாண்டி சொன்ன மாதிரி ஒரு மையத்தில் நான் பாடம் நடத்தியிருக்கிறேன். தலைக்கு இத்தனை ரூபாய் என்று நடத்துபவருக்குப் பணம் வரும். முதலில் ஆள் சேர்ப்பு, அப்புறம் விரல் ரேகை வருகைப் பதிவு, கடைசியில் வேலை கிடைத்ததற்குச் சம்பளச் சீட்டு. இந்த மூன்றும் சரியாக இருந்தால் போதும். ராட் செலவு அவர் லாபத்திலிருந்து போகிறது, எப்படி வாங்குவார்? காலையில் ரேகை வைத்துவிட்டுக் கட்டட வேலைக்குப் போய், சாயங்காலம் வந்து மறுபடி ரேகை வைத்தவர்கள் உண்டு. நான் அவர்களைத் திட்டியதில்லை. அன்றைய கூலி போனால் வீட்டில் அடுப்பு எரியாது. குமார் கேட்கிற கல்லூரியும் இதே டெண்டர் வழியில்தான் வரும். வேண்டாம் என்பதே என் கருத்து.

கூடுவாஞ்சேரி குமார்:
அடுப்பு எரிய வழி ஏற்கனவே ஏட்டில் இருக்கிறது சார், அதுதான் வயிற்றெரிச்சல். இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் 2005லிருந்து ராஜீவ் காந்தி பெயரில் ஒரு திட்டம் உண்டு. ஆலை மூடலாலோ ஆட்குறைப்பாலோ வேலை போனால், இரண்டு வருடம் சந்தா கட்டியவருக்கு முதல் 12 மாதம் பாதிச் சம்பளம், அடுத்த 12 மாதம் கால் பங்கு. தொழிற்பயிற்சிக் கட்டணமும் அவர்களே கொடுப்பார்கள். உங்களுக்குத் தெரிந்து யாராவது வாங்கியிருக்கிறார்களா? நான் ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை. மாநில அரசு உதவித்தொகை தனி. பட்டதாரிக்கே மாதம் 600 ரூபாய், பத்தாவது பாஸுக்கு 300. அதற்கும் பதிவு செய்து ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும். நேற்று வேலை போனவருக்கு அது எதற்கு ஆகும்? இ.எஸ்.ஐ. பணத்தையும் வகுப்பையும் ஒரே ஜன்னலில் கொடுங்கள் என்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
21,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் என்றால் இ.எஸ்.ஐ.யே கிடையாது. நீங்கள் ஆரம்பித்த ஃபோர்டு நிரந்தரத் தொழிலாளி அந்த ஜன்னல் பக்கமே வர முடியாது.

கூடுவாஞ்சேரி குமார்:
ஃபோர்டுக்கு உதிரிபாகம் செய்துகொடுத்த சின்னக் கம்பெனிகளின் ஆட்கள் வரலாம் அல்லவா? அவர்களுக்கு இழப்பீடு என்று ஒரு பைசா பார்க்காதவர்கள் எத்தனை பேர் தெரியுமா?

ஸ்ரீபெரும்புதூர் கலா:
நான் நோக்கியா ஆலையில் லைனில் நின்றவள். 2014 நவம்பரில் மூடியபோது எங்களில் பெரும்பாலானவர்கள் இளம்பெண்கள். சர்க்யூட் போர்டில் பாகம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று கண் வைத்தே சொல்லிவிடுவோம். பிறகு ஒரு பயிற்சி மையத்துக்குப் போய்ப் பெயர் கொடுத்தேன். என்ன வேலை பார்த்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தையலா, அழகுக்கலையா என்று மட்டும் கேட்டார்கள். பக்கத்து அறையில் எலெக்ட்ரானிக்ஸ் வகுப்பு நடந்துகொண்டிருந்தது, அது பையன்களுக்காம்.

இப்போது சுற்றுவட்டாரத்தில் போன் கம்பெனி மறுபடி நிறைய வந்துவிட்டது. ஆனால் எடுப்பதெல்லாம் பத்தொன்பது, இருபது வயசுப் பிள்ளைகளை. எனக்குப் பின்னால் வந்து நிற்கிற பிள்ளைக்கு நானே வேலை சொல்லிக் கொடுப்பேன், என்னை எடுக்க மாட்டார்கள்.

கணக்குப்பிள்ளை:
இதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன். கலாவுக்குக் குறைவது பயிற்சியா? எடுக்க ஆள் இல்லை. ஓரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகள் நாற்பது வயதுக்காரரை இத்தனை பேர் எடுப்போம் என்று முதலில் கையெழுத்துப் போடட்டும், அப்புறம் கல்லூரிக்கு இடம் பாருங்கள்.

சான் அன்டோனியோ மீரா:
குவெஸ்ட்டும் அப்படித்தான் தொடங்கியது சார். முதலாளிகளிடம் வேலை வாக்குறுதி வாங்கிய பிறகே ஆள் சேர்த்தார்கள். இப்போது நீங்கள் என் கட்சிக்கு வந்துவிட்டீர்கள்.

கணக்குப்பிள்ளை:
வரவில்லை மேடம். சங்கத்தைப் பார்த்தாலே முகம் சுளிக்கிற கம்பெனிகளிடம் அந்தக் கையெழுத்து வாங்க இங்கே யாருக்கு பலம் இருக்கிறது?

ஸ்ரீபெரும்புதூர் கலா:
குமார் அண்ணன் முதலிலேயே மாலை வகுப்பு என்றார். மாலை ஆறரைக்கு வகுப்பு வைத்தால் எனக்கு ஆகாது, சமையலும் பிள்ளைகளும் அப்போதுதான். காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்து இரண்டரைக்குள் முடித்தால் என்னைப் போல இருபது பேரை எங்கள் தெருவிலிருந்தே கூட்டி வருவேன். கையெழுத்து வருகிறபோது வரட்டும், வகுப்பு நேரத்தைப் பற்றி யாராவது பேசுங்கள்.